எக்டர் லவோவின் கதையை மறுபடி எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லத்தீன் இசைக் கலைஞர்களின் வாழ்க்கையைப் படமாகவும் தொடராகவும் எடுக்கும் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், கதாசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2007 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'எல் கந்தாந்தே' ('பாடகன்') படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற சல்சா பாடகர் எக்டர் லவோவின் கதை. மார்க் ஆண்டனி லவோவாக நடித்தார், ஜெனிஃபர் லோபஸ் அவருடைய மனைவி புச்சியாக நடித்தார், லியோன் இச்சாசோ இயக்கினார். படம் முழுக்க லவோ இருக்கிறார். குடிக்கிறார், ஊசி போட்டுக்கொள்கிறார், மனைவியோடு சண்டை போடுகிறார், மேடைக்குத் தாமதமாக வருகிறார். ஆனால் அந்த மாதிரிப் பாட அவர் யாரிடம் கற்றார், பக்கத்தில் நின்று வாசித்தவர்கள் யார், அத்தனை இசைத்தட்டும் விற்ற காசு எங்கே போனது என்று கேட்கத்தான் படத்துக்கு நேரம் இல்லை.

பாடகர்களின் வாழ்க்கைப் படங்களுக்கு இப்போது நல்ல சந்தை இருக்கிறது. லவோவின் கதையையோ அவருடைய கூட்டாளிகளின் கதையையோ உங்களில் யாராவது மறுபடி கையில் எடுப்பீர்கள் என்று நம்புகிறேன், எடுக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஸ்பானிஷ் பேசத் தெரியாமலே இந்தப் பாட்டுகளோடு பல வருடம் வாழ்ந்துவிட்ட ஒரு தமிழ் ரசிகன் நான். எழுத எனக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை எடுத்தவர்கள் அரைகுறையானவர்கள் அல்ல. இச்சாசோ நியூயார்க்கின் லத்தீன் தெருக்களை அறிந்தவர். 1985-லேயே பாடகர் ரூபன் பிளேட்ஸை நாயகனாக வைத்து ஒரு சல்சாக் கலைஞனின் கதையைச் சொன்னவர். மார்க் ஆண்டனி பாட்டுகளையெல்லாம் தானே பாடினார், நன்றாகவே பாடினார். போர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த இரண்டு பெரிய நட்சத்திரங்கள் தங்கள் ஊர்க்காரரின் கதையைச் சொல்ல முன்வந்ததே பெரிய விஷயம். அதனால்தான் ஆதங்கமும் பெரிதாக இருக்கிறது. இந்தப் பணமும் இந்த முகங்களும் ஒரு சல்சாப் பாடகருக்காக மறுபடி எப்போது ஒன்றுகூடும்?

படத்தின் சட்டகமே புச்சியின் நினைவுகள்தான். 2002-ல் அவர் ஒரு பேட்டியில் உட்கார்ந்து பழைய கதையைச் சொல்கிறார், நாம் அவர் கண் வழியே பார்க்கிறோம். அவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அத்தனை வருடம் கூட இருந்தவர், மகனை இழந்தவர். ஆனால் ஒரு மனைவிக்குத் தெரியும் கணவன் வேறு, பக்கத்தில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசித்தவருக்குத் தெரியும் பாடகன் வேறு. படத்தில் பின்னவருக்கு வாயே இல்லை. லவோவின் நெடுநாள் இசைக் கூட்டாளியான டிராம்போன் கலைஞர் வில்லி கொலோன் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தவர். படம் வந்த பிறகு அவரே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். கலைஞர்களைச் சுரண்டிய ஒரு தொழிலை எதிர்த்து எக்டர் போராடிய கதையை எடுத்திருக்க வேண்டும், இவர்களோ போதைக்கு அடிமையான இரண்டு போர்ட்டோ ரிக்கோக்காரர்களைப் பற்றி இன்னொரு படம் எடுத்துவிட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். கூடவே இருந்த மனிதர் இப்படிச் சொன்னால் அடுத்து எடுப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமா?

சரி, எதைக் காட்ட வேண்டும் என்கிறீர்களா? போன்சேயிலிருந்து தொடங்குங்கள்.

போர்ட்டோ ரிக்கோவின் தென்கரையில் இருக்கும் போன்சே நகரில் 1946 செப்டம்பர் 30 அன்று எக்டர் உவான் பெரேஸ் மார்த்தினேஸ் என்ற பெயரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் போய்விட்டார். தந்தை லூயிஸ் கிதார் வாசித்துப் பாடுகிறவர். ஊரில் உவான் மொரேல் கம்போஸ் பெயரில் இருக்கும் இசைப் பள்ளியில் பையனைச் சேர்த்தார். ஆனால் எக்டருக்குள் ஊறியது பள்ளிப் பாடத்தைவிட மலைநாட்டு விவசாயிகளின் பாட்டுதான். அந்த விவசாயிகளை அங்கே ஹீபரோ என்பார்கள். ராமித்தோ, பாயமோன் ஊர்க்காரர் சுயித்தோ ஆகிய ஹீபரோப் பாடகர்களை வானொலியில் கேட்டு வளர்ந்தவர் அவர். அவர்களின் பாட்டு வடிவம் பத்து வரி, வரிக்கு எட்டு அசை. கூட்டத்தில் யாரோ கடைசி வரியைக் கொடுத்துவிடுவார்கள். மீதி ஒன்பது வரியை நின்ற இடத்திலேயே கட்டி, கொடுத்த வரியில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். நியூயார்க்கில் பின்னால் அவர் செய்த அற்புதம் அத்தனைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. படத்தில் போன்சே சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அப்பா முறைத்துக்கொள்கிறார், பையன் விமானம் ஏறுகிறான்.

1963 மே மாதம், 16 வயதில், தந்தை சொல்லைத் தட்டிவிட்டு நியூயார்க் போனார். அண்ணன் ஒருவர் அதே நகரத்தில் போதையால் இறந்திருந்தார். தந்தையின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருந்த பயம் அதுதான். 1967-ல் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஜானி பச்செக்கோ அவரை வில்லி கொலோனிடம் சேர்த்துவிட்டார். கொலோனுக்கு அப்போது 17 வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த அந்தப் பையனின் குழுவில் டிரம்பெட் கிடையாது, முன்வரிசையில் டிராம்போன்கள்தான். கரடுமுரடான, முரட்டுச் சத்தம். அதன்மேல் லவோவின் மெல்லிய, கொஞ்சம் மூக்கில் ஒலிக்கும், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும் குரல். நகரத்துத் தெருவும் மலைக் கிராமமும் ஒரே இசைத்தட்டில் மோதிக்கொண்டன. அந்த மோதலைக் கேட்கத்தான் ஜனம் ஓடி வந்தது.

இனி அவருடைய வேலைக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாப் படமும் சறுக்குகிறது.

சல்சாப் பாட்டு பெரும்பாலும் இரண்டு பாதி. முதல் பாதியில் எழுதி வைத்த வரிகள், கதை. இரண்டாம் பாதியில் பியானோ ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். கோரஸ் வரி முடிந்து மறுபடி தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நொடிகள்தான் பாடகருக்குச் சொந்தம். அந்த நொடிகளில் அவர் புது வரி கட்ட வேண்டும், எதுகை விழ வேண்டும், இரண்டு மரக்குச்சிகளில் தட்டும் கிளாவே என்ற ஐந்தடித் தாளத்தில் வார்த்தை பிசகாமல் உட்கார வேண்டும், கோரஸ் திரும்பும்போது சரியாக வழிவிட வேண்டும். இதற்குச் சொனேயோ என்று பெயர். எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சுகம் உடனே பிடிபட்டுவிடும்.

லவோ இதில் ராஜா. கோரஸ் முடிந்த பிறகு அவசரப்படமாட்டார். ஒரு கணம் சும்மா விடுவார். தாளம் தப்பிவிட்டதோ என்று நமக்குத் திக்கென்றிருக்கும். அப்புறம் வரியை எடுத்து, சொற்களை நெருக்கி, கோரஸ் வாய் திறக்கும் நொடிக்கு மயிரிழை முன்னால் கொண்டுவந்து இறக்குவார். நடுவில் பியானோக்காரரைக் கூப்பிடுவார், கூட்டத்தில் யாரையாவது சீண்டுவார், ஹீபரோப் பாட்டின் 'லே லோ லாய்' இழுப்பைச் செருகுவார். 1975-ல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பமான 'லா வோஸ்' தட்டில் 'ரோம்பே சராகுவே' பாட்டைக் கேளுங்கள். மார்க் டைமண்டின் பியானோ தனி ஆவர்த்தனம் இன்றைக்கும் சல்சா வாசிப்பவர்கள் பயபக்தியோடு பேசும் ஒன்று. அவருக்கு எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும், எப்போது திரும்பி உள்ளே வர வேண்டும் என்று லவோவுக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒரு சொனேயோ பிறப்பதை முழுசாக, வெட்டாமல், பாடகர் முகத்தையும் டிராம்போன்காரர் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, பார்ப்பவருக்கும் 'அடுத்த வரி விழுமா விழாதா' என்ற பதைப்பு வரும்படி ஒரு காட்சி எடுத்தால் போதும். லவோ யார் என்பது புரிந்துவிடும். அந்தப் படத்தில் பாட்டு ஓட ஓட அதன்மேல் பார்ட்டி, கார், படுக்கை என்று துண்டுத் துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். பாட்டு பின்னணிச் சத்தமாகிவிட்டது.

இன்னொரு காட்சி. 1970-களின் தொடக்கத்தில் கொலோனும் லவோவும் 'அசால்தோ நவிதேன்யோ' என்று ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவில் டிசம்பர் இரவுகளில் கூட்டமாகப் போய், தூங்குகிறவர் வீட்டு வாசலில் திடீரென்று வாத்தியம் முழங்கி எழுப்பி, சாப்பிட்டுக் குடித்து, அவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வழக்கம் உண்டு. அந்தத் தீவின் பத்துத் தந்தி வாத்தியமான குவாத்ரோவை இடக்கைக்காரர் யோமோ தோரோ அதில் வாசித்தார். நியூயார்க் டிராம்போனோடு கிராமத்துக் குவாத்ரோவைச் சேர்த்தால் எடுபடுமா என்ற சந்தேகம் அந்தத் தட்டைக் கேட்டால் பறந்துவிடும். இன்றும் டிசம்பர் வந்தால் தீவு முழுக்க அது ஓடுகிறது. ஊரை விட்டு வந்த லட்சக்கணக்கானவர்கள் பனி கொட்டும் நகரத்தில் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு ஆடினார்கள். லவோ அவர்களுக்கு என்னவாக இருந்தார் என்பதற்கு இதைவிட என்ன காட்சி வேண்டும்?

ஃபானியாவின் கணக்குப் புத்தகத்தையும் திறந்து காட்டுங்கள். 1964-ல் பச்செக்கோவும், போலீஸ்காரராக இருந்து வழக்கறிஞரான ஜெரி மசூச்சியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஆரம்பத்தில் பச்செக்கோ காரின் டிக்கியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டார். பத்து வருடத்துக்குள், 1973 ஆகஸ்டில், யாங்கி ஸ்டேடியத்தில் 40,000 பேருக்கு மேல் கூடி, மைதானத்துக்குள் இறங்கிவிட்ட கூட்டத்தால் கச்சேரியையே பாதியில் நிறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகர அரங்கில் லவோ 'மி ஹென்தே' பாட, ஸ்பானிஷ் தெரியாத கூட்டம் அவரோடு சேர்ந்து பாடியது. வளர்ச்சி இது. அதே ஃபானியாவின் கலைஞர்கள் பலர் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டி வரவில்லை என்று பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள், இங்கிலீஷ் காகிதத்தை ஸ்பானிஷ் மட்டும் படித்தவர்களுக்கு யார் விளக்கினார்கள் என்பதெல்லாம் படமாக எடுக்க முடியாத விஷயமா? ஒரு மேசை, ஒரு பேனா, இரண்டு மனிதர்கள் போதுமே.

பாட்டு எழுதியவர்களையும் விட்டுவிடாதீர்கள். லவோ பாடிய 'பெரியோதிக்கோ தே அயேர்' பாட்டை எழுதியவர் தீத்தே குரேத் அலோன்சோ. போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் உவானில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிக் குவித்தவர், கறுப்பின மக்களின் வாழ்க்கையை சல்சாவுக்குள் கொண்டுவந்தவர். உரிமைத் தகராறு ஒன்றால் 1990-களின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கும் மேல் அவர் பாட்டுகளைப் போர்ட்டோ ரிக்கோ வானொலிகள் பெரும்பாலும் ஒலிபரப்பவே இல்லை. 2003-ல் அவர் இறந்தபோதும் நிலைமை அதுதான். சொந்த ஊர் வானொலியில் சொந்தப் பாட்டைக் கேட்காமல் போன கவிஞரைவிட வலுவான துணைப் பாத்திரம் எந்தக் கதாசிரியருக்குக் கிடைக்கும்?

போதையை மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் நடந்தது, அது அவரைத் தின்றது. ஆனால் அதை ஒரு மனிதனின் பலவீனமாக மட்டும் காட்டுவது பொய். ஹெராயின் அந்த வருடங்களில் நியூயார்க்கின் லத்தீன், கறுப்பினத் தெருக்களுக்குள் புகுந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஊசி வாங்க அந்த மாநிலச் சட்டம் விடவில்லை, அதனால் ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. எச்ஐவி அதே வழியில் பரவியது. சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டங்களுக்கு அங்கே சட்ட அனுமதி வந்தது 1992-ல். லவோ எய்ட்ஸால் இறந்தது 1993 ஜூன் 29. உயிரைக் காப்பாற்றும் கூட்டு மருந்துகள் பரவலாக வந்தது 1996-ல். இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், வயிறு எரிகிறது. குளியலறையில் ஊசி போடும் காட்சியைப் பத்து தடவை எடுக்கிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒரு தடவைகூடக் காட்டுவதில்லையே, ஏன்?

அதோடு செயோ ஃபெலிசியானோவை நினைத்துப் பாருங்கள். அவரும் போன்சேக்காரர், அவரும் ஃபானியாக் கூட்டம், அவரும் ஹெராயினில் விழுந்தவர். 1960-களின் கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டுத் தீவுக்குத் திரும்பி, ஓகார் கிரேயா என்ற மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து மீண்டார். குரேத் அலோன்சோ அவருக்காகப் பாட்டு எழுதினார். 1971-ல் நியூயார்க்கின் சீட்டா கிளப் மேடையில் 'அனக்காவோனா' பாடியபோது செயோ புது மனிதர். அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பாடினார். பெரிய படம் எடுக்க உங்களுக்கு லவோ நினைவுக்கு வருகிறார், செயோ வருவதில்லை. மீண்டவன் கதையில் விறுவிறுப்பு இல்லை என்று யார் முடிவு செய்தார்கள்? ஒரே ஊர், ஒரே மேடை, ஒரே விஷம். ஒருவருக்குக் கை கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இருவரையும் ஒரே படத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1987, 1988 வருடங்களை எடுக்கும்போது தயவுசெய்து கையை அடக்கிக்கொள்ளுங்கள். வீடு தீப்பிடித்தது, மாமியார் கொலையானார், 17 வயது மகன் தவறுதலாக வெடித்த துப்பாக்கிக்குப் பலியானான். ஒரு குடும்பம் தாங்கக்கூடியதா இது? அந்த 1987-லேயே லவோ 'ஸ்ட்ரைக்ஸ் பேக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார், அது கிராமிப் பரிந்துரை வரை போனது. துக்கத்தைக் காட்டுகிற உங்களுக்கு அந்த ஒலிப்பதிவுக் கூடமும் கண்ணில் பட வேண்டும். 1988 ஜூன் 25 அன்று பாயமோனில் நடக்க இருந்த கச்சேரிக்கு டிக்கெட் விற்கவில்லை, ஏற்பாட்டாளர் ரத்து செய்தார். வந்திருந்த கொஞ்சப் பேருக்காக லவோ மேடையேறிப் பாடினார். மறுநாள் சான் உவானில் விடுதியின் ஒன்பதாம் மாடியிலிருந்து விழுந்தார், உயிர் பிழைத்தார். பாயமோனில் அவர் பாடியதை எடுங்கள். மறுநாள் நடந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும், கேமராவை அந்த மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். அவர் வலியைப் பார்த்துக் கண் கலங்க வைக்க அது தேவையே இல்லை.

அவர் யாருக்குச் சொந்தமானவர் என்பதையும் நியூயார்க்கோடு முடித்துவிடாதீர்கள். 1986-ல் பெருவின் லீமா நகரில் அவர் பாடினார். பக்கத்துத் துறைமுகமான கயாவோவின் தெருச் சுவர்களில் இன்றும் அவர் முகம் இருக்கிறது. அங்கே கப்பல் சரக்கு இறக்குகிற குடும்பங்களில் பாட்டன், மகன், பேரன் மூன்று தலைமுறைக்கும் அவர் பாட்டு தெரியும். பிராங்க்ஸ் கல்லறையில் இருந்த அவர் உடலை 2002-ல் போன்சேக்குக் கொண்டுபோய் மனைவி, மகனோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். ஊர் அவரை விடவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வசனம் ஸ்பானிஷில் இருக்கட்டும், அந்த மனிதர்கள் வீட்டில் பேசிய மொழி அது. கீழே எழுத்துப் போட்டால் உலகம் படித்துக்கொள்ளும், நாங்கள் படிக்கவில்லையா? அந்தக் குழுக்களில் வாசித்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களிடம் முதலில் போங்கள், கதை எழுதி முடித்த பிறகு கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். பாட்டு எழுதியவர்களின் வாரிசுகளுக்குப் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று படப்பிடிப்புக்கு முன்பே பாருங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மூலத் தட்டுகளில் டிராம்போன், பியானோ, கொங்கா வாசித்தவர்களின் பெயரைக் கண்ணால் படிக்கக்கூடிய வேகத்தில் போடுங்கள்.

அப்புறம் படத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பாட்டு. 'எல் கந்தாந்தே'யை எழுதியவர் ரூபன் பிளேட்ஸ். தனக்கென்று வைத்திருந்த பாட்டை கொலோன் கேட்டதால் லவோவுக்குக் கொடுத்தார். 1978-ல் 'கொமேதியா' ஆல்பத்தில் வந்தது. வயலின்களோடு தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடகனைத் தெருவில் நிறுத்தி உனக்கென்ன குறை என்கிறார்கள், அவன் அழுகிறானா என்று யாரும் கேட்பதில்லை என்பது அதன் பொருள். லவோவின் சொந்தக் குரலில், மூலப் பதிவை, மேலே வசனம் பேசாமல், நடுவில் வெட்டாமல், அந்தப் பத்து நிமிடத்தையும் திரையரங்கில் முழுசாக ஓட விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்